ஓர் இரவு மின்சாரம்

புத்தாண்டுக் காலையில் ரியாஸின் வாழ்த்து வந்தது. எழுத்துக்கு மேலே ஒரு படம். இந்த முறை ஒரு மலைச்சரிவு, அதில் ஒரு கண்ணாடி வீடு, வீட்டுக்குப் பின்னால் கடல். "கிருபாண்ணா, நல்லா இருக்கீங்களா? அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க."

கிருபாகரன் படத்தைப் பெரிதாக்கி ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தார். எந்த ஜன்னலிலும் ஆள் இல்லை.

"போன வருசம் படகு. இந்த வருசம் மலையா?" என்றபடி தவமணி காபியை வைத்தாள்.

அவர் இன்னும் ஜன்னல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். காபி ஆறி ஏடு கட்டியது. அவள் அதை எடுத்துப்போய்ச் சூடுபண்ணி மறுபடியும் கொண்டுவந்து வைத்தாள். புத்தாண்டன்று அந்த வீட்டில் காபி இரண்டு தடவை சூடாவது வழக்கம்.

முப்பது வருடங்களுக்கு முன்பு, 2011-ல், கோயம்புத்தூர் கணபதியில் கிருபாகரன் நெட் சென்டர் வைத்திருந்தார். பத்துக் கணினிகள். கல்லூரிப் பையன்கள் வந்து விளையாடுவதற்காக அவற்றில் பாதிக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தார். மாடி அறையில் வாடகைக்கு இருந்தவன் ரியாஸ். மென்பொருள் நிறுவனத்தில் வேலை, எப்போதும் கலைந்த தலை. ஒரு நாள் கடை மூடுகிற நேரத்தில் இறங்கி வந்தான்.

"அண்ணா, ராத்திரி மெஷினை நிறுத்தாம விட்டுட்டுப் போங்க. நான் ஒரு புரோகிராம் போட்டு வைக்கிறேன். அது பாட்டுக்குக் கணக்குப் போடும். போட்ட கணக்குக்குக் கூலியாக் காசு வரும்."

"யார் குடுப்பா?"

"யாரும் குடுக்க மாட்டாங்க. அதுவா உண்டாகும். பிட்காயின்னு பேரு. கையில புடிக்க முடியாது."

"கையில புடிக்க முடியாததை வெச்சுப் பரோட்டா வாங்க முடியுமா?"

"இப்ப முடியாதுண்ணா. ஆனா ஒரு நாள் முடியும். பாதிக்குப் பாதி. கரண்டுக்குத் தனியா மாச வாடகையே தர்றேன்."

அது மின்வெட்டுக் காலம். பகலில் கரண்ட் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். இரவிலும் வந்து வந்து போகும். இரவில் வருகிற கரண்டில்தான் யுபிஎஸ் பேட்டரிகள் நிறையும். அந்தச் சேமிப்பை வைத்துத்தான் பகலில் கடை நடக்கும். இரவெல்லாம் கணினிகள் ஓடினால் பேட்டரி காலையில் காலியாகக் கிடக்கும்.

"ராத்திரி கரண்ட் எம்பட பேட்டரிக்குத்தான் தம்பி. வேற எதுக்கும் இல்லை" என்றார் கிருபாகரன்.

ரியாஸ் வற்புறுத்தவில்லை. கொஞ்ச நாளில் சிங்காநல்லூர்ப் பக்கம் வேறு அறை பார்த்துப் போய்விட்டான். அங்கே யாரோ கரண்ட் கொடுத்தார்கள்.

அவ்வளவுதான் கதை. ஆனால் பிட்காயினின் விலை ஏற ஏறக் கதையும் வளர்ந்தது. கல்யாண வீடுகளில், சாவு வீடுகளில், டயர் கடையில் காத்திருக்கும்போது எதிரில் இருப்பவரிடம், கிருபாகரன் அதைச் சொன்னார். நன்றாகவே சொல்வார். பரோட்டா வரும் இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்தபின் அவர் மட்டும் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொரு வாய்ப்பு கதவைத் தட்டும்போது தூங்கிவிடக்கூடாது என்ற பயம் அவருக்குள் குடியேறிவிட்டது. ஈமுக் கோழி வந்தபோது பணம் போட்டார். தேக்கங்கன்று வந்தபோது போட்டார். ஆந்திராவில் ஒரு நிலம், அதை அவர் கடைசிவரை பார்த்ததில்லை. நெட் சென்டர் போய், யுபிஎஸ் விற்றுப் பழுதுபார்க்கும் கடையாக மாறி, அது மட்டும் சத்தமில்லாமல் சோறு போட்டுக்கொண்டிருந்தது. கடையின் பெயர் தவமணி பவர் சிஸ்டம்ஸ்.

இப்போது நிலா வந்திருந்தது. பிட்காயின் மாதிரி ஒரு புதிய நாணயம். ஆரம்பத்தில் நுழைகிறவர்களுக்கு மட்டும் முதல் விலை, தை மாதத்தோடு கதவு மூடிவிடும் என்றார்கள். கிருபாகரனிடம் இருந்த ஒரே பெரிய சொத்து அவர்கள் குடியிருந்த வீடு. அதை வாங்கத் தரகர் தங்கவேல் ஆள் பிடித்துவிட்டார். வீடு இருவர் பெயரிலும் இருந்தது. தவமணி கையெழுத்துப் போட்டால் போதும்.

அவள் ஒரு வாரம் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் மௌனம் சண்டைக்கு அறிகுறி இல்லை. இருவருக்கும் அது ஒரு அறைபோல. அவரவர் மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். எட்டாம் நாள், கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, அவினாசி ரோட்டுல மறுகரைன்னு ஒண்ணு தொறந்திருக்காங்களாமே. எங்க ஆபீஸ்ல எல்லாரும் அதைத்தான் பேசறாங்க."

"ஆமா. எப்பவோ விட்டதை அப்பப் புடிச்சிருந்தா என்ன ஆயிருப்போம்னு காட்டுவாங்க."

"போய்ப் பாத்துட்டு வாங்க. ரியாஸுக்கு நீங்க சரின்னு சொல்லியிருந்தா அந்த ஆள் எப்படி இருக்கறார்னு கேட்டுட்டு வாங்க. அந்தக் காசை இன்னிவரைக்கும் விக்காம அவர் கையில வெச்சிருந்தார்னா, நான் கையெழுத்துப் போடறேன்."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா இனி எந்தக் கல்யாண வீட்டுலயும் அந்தக் கதை கூடாது."

கிருபாகரன் சிரித்துவிட்டார். ஜெயித்தாகிவிட்டது என்றே நினைத்தார்.

மறுகரை, முன்பு துணிக்கடையாக இருந்த ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்தது. புடவை மடிப்புகள் அடுக்கியிருந்த மரத்தட்டுகளில் இப்போது கறுப்புப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. அவரைக் கவனித்துக்கொண்டவர் எஸ்தர் என்ற பெண். முப்பதுகளில் இருப்பார். சில நாட்கள் தினமும் போய், நினைவுகளைப் பதியும் வலைத்தொப்பி ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, அந்தக் காலத்தைக் கிருபாகரன் நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. கடை, தெரு, வந்து போனவர்கள், எரிச்சல்கள். பழைய மின்னஞ்சல்கள், வங்கிக் கணக்கு, தொலைபேசி விவரம் எல்லாவற்றையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

"இதெல்லாம் சேர்த்து அந்த நாள் வரைக்கும் உங்களை ஒரு பெட்டிக்குள்ள அப்படியே கட்டி எழுப்புவோம் சார்" என்றார் எஸ்தர். "அந்த இடத்துல மட்டும் ரியாஸுக்குச் சரின்னு சொல்ல வைப்போம். அதுக்கப்புறம் நாங்க கை வைக்க மாட்டோம். அவரா வாழ்ந்து இன்னிக்கு வரைக்கும் வருவார். அவருக்கு நீங்க போன் பண்ணலாம்."

"நான்தான் பேசறேன்னு சொல்லலாமா?"

"கூடாது. சட்டமே இருக்கு. உங்க குரலை மாத்தித்தான் அனுப்புவோம். பழைய கஸ்டமர்னு சொல்லுங்க. போன வருசம் ஒருத்தருக்கு உண்மை தெரிஞ்சுபோச்சு. சாப்பிடறதையே நிறுத்திட்டார்."

"பெட்டிக்குள்ள இருக்கறவர் எங்கம்மா சாப்பிடறது?"

"அவருக்கு அது சாப்பாடுதான் சார்" என்று சொல்லிவிட்டு எஸ்தர் திரையைப் பார்த்தார்.

சிறிய அறை. ஒரு மேசை, பழைய மாதிரித் தொலைபேசி. கண்ணாடிக்கு அப்பால் எஸ்தர். மணி இரண்டு முறை அடித்தது.

"ஹலோ, ஸ்கைலைன் பவர் சிஸ்டம்ஸ். சொல்லுங்க, இன்வெர்ட்டரா, சோலாரா?"

ஸ்கைலைன், அவருடைய பழைய நெட் சென்டரின் பெயர்.

"இல்லீங்க, நான் உங்க பழைய கஸ்டமர். கணபதியில நெட் சென்டர் வெச்சிருந்தீங்கல்ல. சண்முகம்."

"எந்தச் சண்முகம்? ஒரு மணி நேரத்துக்குக் காசு குடுத்துப்போட்டு ரெண்டு மணி நேரம் கேம் விளையாடுவாரே, அந்தச் சண்முகமா?"

"அவனேதான்."

மறுமுனையில் சிரிப்பு. அது தன் சிரிப்பு என்பதை அடையாளம் காணக் கிருபாகரனுக்குச் சற்று நேரம் பிடித்தது. வெளியிலிருந்து கேட்கும்போது அது கொஞ்சம் களைத்த சிரிப்பாக இருந்தது.

"அப்பெல்லாம் ராத்திரியும் உங்க மெஷின் ஓடிட்டே இருக்குமே. மாடியில ரியாஸ்னு ஒருத்தர்..."

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. அந்த மௌனம் அவருக்குத் தெரியும். கதை தொடங்குவதற்கு முன்னால் அவரே விடுகிற மௌனம் அது.

"அதை ஏன் கேக்கறீங்க" என்றது குரல். "கையில இருந்துச்சுங்க. கையில! வேண்டாம்னு சொல்லி விட்டிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். வாங்கி வெச்சிருந்து வித்தவன் நான். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இதைச் சொல்லாம வர்றதில்லை. நான் ஆரம்பிச்சாவே எம்பட மச்சான் எந்திரிச்சுப் பந்திக்குப் போயிருவான்."

"வித்துட்டீங்களா?"

"வித்துட்டேன். ஜெனரேட்டர் வாங்கறதுக்கு."

"ஜெனரேட்டரா?"

"அன்னிக்குக் கரண்ட் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா? ராத்திரியெல்லாம் மெஷின் ஓடி, பேட்டரி எந்நேரமும் பட்டினி. ஒரு நாள் சாயங்காலம் ஒரு பொண்ணு அப்ளிகேசன் போட வந்துச்சு, பாதியில யுபிஎஸ் படுத்துக்கிச்சு. அடுத்த வாரமே இருந்ததையெல்லாம் வித்துப்போட்டேன். ரியாஸ் தலையில அடிச்சுக்கிட்டான்..."

ஜெனரேட்டர் என்ற சொல்லுக்குப் பிறகு கிருபாகரனின் காதில் எதுவும் ஏறவில்லை.

"ஒரு ஜெனரேட்டருக்கா? அது இன்னிக்கு என்ன விலைன்னு தெரியுமாய்யா உனக்கு?"

"தெரியுமுங்க" என்றது குரல், கோபமில்லாமல். "தினமும் பாக்கறேன்."

"அந்த ஜெனரேட்டர் எங்க இப்ப?"

"எடைக்குப் போட்டாச்சு. எல்லாம் செல்போன்ல வந்தப்பறம் நெட் சென்டர் யாருக்கு வேணும்?"

கிருபாகரன் ரிசீவரை வைத்துவிட்டார். எஸ்தர் தண்ணீர் கொண்டுவந்தார்.

"இங்க வர்றவங்க பாதிப் பேருக்கு இப்படித்தான் சார். வாங்கினா எல்லாம் சரியாயிடும்னு நினைக்கறாங்க. வாங்கறது ஒரு நாள் வேலை. விக்காம இருக்கறது தினமும்."

"அவன் விக்காத மாதிரி வைக்க முடியாதா?"

"முடியும். ஆனா அதுக்கு அவர் குணத்துல கை வைக்கணும். அப்ப அது நீங்கதான்னு நாங்க சொல்ல முடியாது. உங்களை மாதிரி ஒருத்தர்."

"எங்க கை வைப்பீங்க?"

எஸ்தர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு படித்தார். "விக்கறதுக்குக் காரணம் அந்தச் சாயங்காலம்தான். அப்ளிகேசனுக்குக் கடைசி நாள். பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பொண்ணு, கையில தாமரைப்பூ ஒட்டின பிளாஸ்டிக் ஃபைல். பாதியில கரண்ட் போயிடுது. அந்தப் பொண்ணு சண்டை எதுவும் போடாம படியிறங்கிப் போறாங்க, கண்ணைத் துடைச்சுக்கிட்டே. அது இவரை விடல சார். ராத்திரி தூக்கம் இல்லை. அதான் ஜெனரேட்டர். அந்த அழுகை இவரைத் தொடாத மாதிரி வெச்சுட்டா, அப்புறம் எப்பவும் விக்க மாட்டார்."

கிருபாகரன் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

தாமரைப்பூ ஒட்டிய அந்த ஃபைல் இப்போதும் வீட்டில் இருந்தது. தவமணி அதில் இன்ஷூரன்ஸ் காகிதங்களை வைத்திருந்தாள். அன்றைக்கு இந்தக் கரையில் நடந்தது வேறு. கரண்ட் போனதும் மற்ற ஒன்பது கணினிகளையும் நிறுத்தச் சொன்னார். விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் திட்டிக்கொண்டே எழுந்து போனார்கள். விசிறி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்தார். இரவெல்லாம் நிறைந்த பேட்டரி, அந்த ஒரு திரைக்கு மட்டும் எரிந்தது. அவள் கோவில்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்த தவமணி. அன்று விண்ணப்பித்த அரசுத் தேர்வை எழுதி வணிகவரி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் சம்பளம் வாங்கியதும் இனிப்போடு கடைக்கு வந்தாள். பிறகு இனிப்பு இல்லாமலும் வந்தாள்.

ரியாஸ் கேட்டதும் அவள் வந்ததும் ஒரே வருடத்தில் நடந்தவை. ஆனால் முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட அந்த இரண்டையும் அவர் சேர்த்து நினைத்ததில்லை. ஒன்றைக் கல்யாண வீட்டில் சொன்னார். இன்னொன்றை யாரிடமும் சொன்னதில்லை.

ஜன்னலுக்கு வெளியே அவினாசி சாலை மேம்பாலத்தில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. எஸ்தர் காத்திருந்தார்.

விக்காம அவர் கையில வெச்சிருந்தார்னா, என்றுதான் தவமணி சொல்லியிருந்தாள். எந்த ஆள், மாற்றிய ஆளா என்று கேட்கமாட்டாள். குரலைப் பதிவுசெய்து, சான்றிதழோடு கொடுப்பார்கள். தை மாதம் முடியப் பத்து நாள்கூட இல்லை.

"மாத்துங்க" என்றார் கிருபாகரன்.

அதற்கும் பதிவுக்கும் சேர்த்து வெளியே போய்ப் பணம் கட்டிவிட்டு வந்தார். மாலைக்குள் முடிந்துவிடும் என்றார்கள். அதே அறை. அதே தொலைபேசி. இந்த முறை மணி நெடுநேரம் அடித்தது.

"ம்."

"நான் உங்க பழைய கஸ்டமருங்க. சண்முகம். நெட் சென்டருக்கு..."

"என்ன வேணும்?"

"சும்மா விசாரிக்கலாம்னு."

"சும்மா யாரும் விசாரிக்க மாட்டாங்க."

அதே குரல்தான். ஆனால் அதில் பேசும் ஆசை இல்லை. கிருபாகரன் நேராகவே கேட்டார். "ரியாஸோட சேந்து சம்பாதிச்சீங்களே, அந்தக் காசு இன்னும் இருக்குதுங்களா?"

"யார் சொன்னா உங்களுக்கு?"

"தெரியாதுங்க, சும்மா ஒரு பேச்சு."

"இருக்கு."

"எல்லாமா?"

"தொடல."

கிருபாகரன் கண்ணாடிக்கு அப்பால் எஸ்தரைப் பார்த்தார். பதிவாகிறது என்று எஸ்தர் தலையசைத்தார்.

"அப்பப் பெரிய வீடு கட்டியிருப்பீங்க."

"எதுக்கு? கட்டணும்னா விக்கணுமே."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"கணபதிதான். மாடி ரூம்."

"ரியாஸ் இருந்த ரூமா?"

"வாடகை கம்மி."

"கல்யாணம், புள்ளைங்க..."

"இன்னும் கொஞ்சம் ஏறட்டும்னு இருக்கேன்."

அறுபதை நெருங்கும் ஒரு ஆள் அதைச் சொன்ன விதத்தில் துக்கம் எதுவும் இல்லை. வேடிக்கையும் இல்லை. கிருபாகரன் அந்த அறையை நினைத்துப் பார்த்தார். ஒரு ஜன்னல், அதிலிருந்து பார்த்தால் எதிர்க்கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. தன்னை அறியாமல் கேட்டார்.

"ஒரு நாள் சாயங்காலம், அப்ளிகேசன் போட ஒரு பொண்ணு வந்து, பாதியில கரண்ட் போயி..."

"எத்தனையோ பேர் வருவாங்க."

"அழுதுட்டே போச்சுங்களே."

"இருக்கும். நீங்க யார்கிட்டயும் சொல்லிறாதீங்க, காசு இருக்கறதை."

தொடர்பு அறுந்தது. எஸ்தர் கதவைத் திறந்து உள்ளே வந்தார். கையில் ஒரு சிறிய உறை.

"விக்கல சார். பதிவு இதுல இருக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாம்."

கிருபாகரன் உறையை வாங்கவில்லை. மேசையின் மேல் அது இருந்தது. அதைத் தொட்டால் போதும், வீடு கைமாறிவிடும், நிலா வந்துவிடும். அந்த உறையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போகிற ஒருவரை அவரால் தெளிவாகக் காண முடிந்தது. அந்த ஆள் மாடி அறைக்குப் போகிறவர் போலவே இருந்தார்.

"முதல்ல பேசினவர் இன்னும் ஓடறாராம்மா?"

"உங்க நேரம் முடியற வரைக்கும் ஓடுவார். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு."

"அவர்கிட்ட இன்னொரு தடவை பேசறேன்."

உடனே எடுத்தது அந்தக் குரல். "ஸ்கைலைன் பவர்... சண்முகமா? என்னங்க, திட்டிப்போட்டு வெச்சுட்டீங்க."

"மன்னிச்சுக்கோணும். கோவத்துல பேசிப்போட்டேன்."

"அட, அதுக்கென்ன. எம்பட மச்சான் இதுக்கு மேல திட்டுவான்."

"அந்தப் பொண்ணைப் பத்திச் சொன்னீங்க. அப்பச் சரியாக் கேக்கல."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் ஒலி. யாரிடமோ "கடையைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, குரல் தாழ்ந்து வந்தது.

"காசு போனது ஒரு பக்கம் இருக்கட்டுமுங்க. அதை எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி இப்ப ஒரு தமாசாப் போச்சு. இதைத்தான் சொல்ல முடியறதில்லை. ரூவா வருதுன்னு ராத்திரி கரண்டை மெஷினுக்குக் குடுத்தேன். காலையில பேட்டரியில ஒண்ணுமில்லை. அந்தப் பொண்ணு, பரவால்லைங்கன்னு சொல்லுச்சு. அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தா மறந்திருப்பேன். பேரைக் கேக்கறதுக்குள்ள படி எறங்கிப் போயிருச்சு." சற்று நிறுத்தினார். "அந்தப் பக்கம் உங்களுக்கு ஆள் பழக்கம் உண்டே. அந்தப் பொண்ணு யாரு, என்ன ஆச்சுன்னு ஏதாச்சும் தெரியுமா?"

கிருபாகரன் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தார். எஸ்தர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"தெரியுமுங்க" என்றார். "எங்க சொந்தம்தான்."

"அட."

"நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. அன்னிக்கே வேற கடைக்குப் போய்ப் போட்டுட்டாங்க. வேலையும் கெடச்சுருச்சு. வணிகவரி ஆபீஸ்ல. இப்ப ரிட்டயர் ஆகப் போறாங்க."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்."

இருவரும் பேசவில்லை. இத்தனை நீண்ட மௌனத்தை வேறு யாரோடும் கிருபாகரன் இவ்வளவு சௌகரியமாகப் பகிர்ந்துகொண்டதில்லை.

"பேரு என்னங்க?" என்றது குரல்.

"தவமணி."

"தவமணி" என்று அந்த ஆள் சொல்லிப் பார்த்தார். ஆயிரம் தடவை தான் கூப்பிட்ட பெயரை, முதல் தடவையாகச் சொல்லும் ஒருவரின் வாயிலிருந்து கேட்டார் கிருபாகரன். "நல்ல பேரு. கேட்டதாச் சொல்லுங்க. யாருன்னு கேட்டா, யுபிஎஸ் படுத்துக்கிச்சே, அந்தக் கடைக்காரன்னு சொல்லுங்க. சண்முகம், இன்னிக்கு ராத்திரிதானுங்க நான் நிம்மதியாத் தூங்கப்போறேன்."

ரிசீவரை வைத்தபின் அவர் வெளியே வந்தார். எஸ்தர் ஒரு பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார்.

"என்ன பண்றீங்க?"

"நேரம் முடிஞ்சுது சார். நிறுத்தணும்."

"நிறுத்தினா?"

"நின்னுடுவார். வலியெல்லாம் இருக்காது. அவருக்குத் தெரியாது."

"அங்க இப்ப மணி என்ன?"

"நம்ம மணிதான் சார். சாயங்காலம்."

கிருபாகரன் மரத்தட்டுகளைப் பார்த்தார். கறுப்புப் பெட்டிகளில் ஒன்றில் சிறிய பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "ராத்திரி ஓடாதா?"

"ஓட்டலாம். கரண்ட் செலவு ஜாஸ்தி. ஒருத்தருடைய ஒரு நாளைக்கு ஒரு தெருவுக்கு ஆகற கரண்ட் ஆகுது."

"நான் பதிவுக்குக் கட்டின பணம் இருக்குதில்ல. அந்த உறை எனக்கு வேண்டாம். அதுல இன்னிக்கு ஒரு ராத்திரி ஓடட்டும். தூங்கி எந்திரிச்சு, காபி குடிச்சதுக்கப்பறம் நிறுத்திக்கங்க."

எஸ்தர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது வாசல் விளக்கு எரிந்தது. தவமணி மேசையில் வீட்டுப் பத்திரத்தையும் ஒரு பேனாவையும் எடுத்து வைத்திருந்தாள். தாமரைப்பூ ஃபைல் பக்கத்தில் இருந்தது.

"என்ன சொன்னார்?"

"வித்துட்டான்."

"எதுக்கு?"

"ஜெனரேட்டர் வாங்க."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார். மாற்றச் சொன்னதையும், மாடி அறைக்காரரையும் மறைக்கவில்லை. அந்த இடத்தில் அவள் சிரிப்பு நின்றது. தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். படியிறங்கிப் போன பெண்ணிடம் வந்ததும் நிமிர்ந்தாள்.

"அழுதுட்டே போனேனாமா? நானா? கண்ணுல ஏதாச்சும் விழுந்திருக்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் வெச்ச கடை ஒண்ணு இருந்துச்சுங்க, மெடிக்கலுக்கு மேல. நேரா அங்க போய்ப் போட்டிருப்பேன். உங்க பேட்டரியை நம்பித்தான் எம்பட பொழப்பு இருந்துச்சுன்னு நெனச்சுட்டீங்களா?"

"நானும் அப்படித்தான் சொன்னேன் அவன்கிட்ட. வாய்க்கு வந்தது." அவர் யோசித்தார். "அப்ப அன்னிக்கு ஏன் அந்தக் கடைக்குப் போகல?"

தவமணி பேனாவின் மூடியைத் திருகி மூடினாள்.

"போகலாம்னுதான் எந்திரிச்சேன். நீங்க எல்லா மெஷினையும் நிறுத்திப்போட்டு, விசிறியையும் நிறுத்திப்போட்டு, யுபிஎஸ் சூடாகக்கூடாதுன்னு ஒரு அட்டையை வெச்சு அதுக்கு விசிறிட்டு உக்காந்திருந்தீங்க. வேர்த்து ஊத்துது உங்களுக்கு. எப்படி எந்திரிச்சுப் போறது?"

அவருக்கு அந்த அட்டை நினைவில் இல்லை. வலைத்தொப்பியும் அதை எடுத்திருக்காது.

அவள் பத்திரத்தை ஃபைலில் வைத்து, பீரோவுக்குக் கொண்டுபோனாள். தங்கவேலுக்கு நாளைக்குப் போன் பண்ண வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டார். பீரோவின் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. அவள் வெளியே வரவில்லை. உள்ளே நின்றபடியே கேட்டாள்.

"இப்ப அவர் தூங்கியிருப்பாரா?"

"இன்னும் இல்லை. இப்பத்தான் கடையை மூடியிருப்பான்."

"காலையில?"

"காபி குடிச்சதுக்கப்பறம் நிறுத்திருவாங்க. இன்னிக்கு ராத்திரிக்கு மட்டும் கரண்ட் குடுத்துட்டு வந்தேன்."

அவர் அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். பணம் எவ்வளவு ஆயிற்று என்று அவள் கேட்டாள். சொன்னார். அவள் வாசலுக்கு வந்து நின்று, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன; இப்போதெல்லாம் அவை அணைவதே இல்லை. வெகுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க" என்றாள். "மாசக் கணக்காக் கரண்டுக்குக் கட்டினா கொறைச்சுக்குவாங்களான்னு கேட்டீங்களா?"